சமயப் பற்றும் மருத்துவ உளநூற் பட்டமும்

பிறருடைய உடலைத் தீண்டி மருத்துவம் செய்வானுக்கு இன்னின்ன கல்வி வேண்டும் என்று வரையறுத்தல் எளிது. பிறருடைய உள்ளத்தைத் தீண்டுவானுக்கு எத்தகைய தகுதி வேண்டும் என்று வரையறுத்தலோ அரிது. என்னை? உடல் மருத்துவன் கையாளுங் கருவிகள் கத்தியும் மருந்தும். உள்ள மருத்துவனுக்கோ அவனது செவியும், சொல்லும், உள்ளமுமே கருவிகளாம். கருவியுந் தானேயாய் நிற்பான் ஒருவன் தன்னுள்ளே எதனை மெய்யென்று பற்றியுள்ளான் என்பது அவன்பால் வரும் துயருற்றாரைத் தாக்காது ஒழியுமோ? தாக்குமெனின், அப்பற்றினை அவன் மறைத்தல் வேண்டுமோ, துறத்தல் வேண்டுமோ, அன்றி நெறிப்படுத்தல் வேண்டுமோ?

இவ்வினாவைப் பேச்சளவில் நிறுத்தாது, பட்டத்திற்குரிய பாடத்திட்டமாகவே வகுத்துப் பார்த்தோர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கிறித்துவ அறிஞர் சிலராவர். சமயக் கல்வியையும் மருத்துவ உளநூலையும் ஒருங்கே கற்பித்து டாக்டர் பட்டம் அளிக்கும் பள்ளிகளை அவர்கள் நிறுவினர். அப்பட்டம் பெறுவார்க்கு வேண்டப்படுவன யாவை, அவற்றுள் அளக்கத் தகுவன எவை, அளவைக்கு எட்டாது நிற்பது எது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம். சமயம் வேறாயினும் வினா பொதுவாகலின், நம்மனோர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படும்.

முதற்கண் அத்துறையின் வரலாறு சிறிது அறிதல் வேண்டும். மருத்துவ உளநூல் என்பது, மருந்து கொடுத்து மனநோய் தீர்க்கும் வைத்தியத்தின் வேறாய், சோதனையாலும் உரையாடலாலும் உள்ளத்தின் கோளாறுகளை ஆய்ந்து தீர்க்க முயலுந் துறை. 1896-இல் லைட்னர் விட்மர் என்பார் பென்சில்வேனியா சர்வகலாசாலையில், கல்வியில் இடர்ப்படும் சிறுவர்க்கென ஒரு நிலையம் திறந்தது இதன் தொடக்கம் என்பர். இரண்டாம் உலகப் போரினின்று மீண்ட வீரருட் பலர் உள்ளம் சிதைந்து வந்தமையின், அவர்க்கு உதவுவோர் பெருந்தொகையினராய் வேண்டப்பட்டனர். 1949-இல் கொலராடோ மாகாணத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, இத்துறை மாணவன் ஆராய்ச்சியாளனும் மருத்துவனுமாக ஒருங்கே பயிலுதல் வேண்டுமென வகுத்தது. அந்நெறியிற் பெறுவது பிஎச்.டி. பட்டம். 1973-இல் அதே மாகாணத்து வேய்ல் என்னுமிடத்துக் கூடிய மற்றொரு மாநாடு, தொழிற் பயிற்சியையே முதன்மையாகக் கொண்ட ஸை.டி. என்னும் பட்டத்திற்கு இடமளித்தது. இவ்விரு பட்டங்களும் இன்றும் வழங்குகின்றன.

இத்துறை வளர்ந்த காலத்துச் சமயத்தோடு அதற்கிருந்த உறவு இனிதாக இல்லை. உளப்பகுப்பு நெறியின் தலைவராகிய சிக்மண்ட் பிராய்டு, 1927-இல் வெளியிட்ட நூலொன்றிற் சமயத்தை மானிடர் விருப்பத்திற் பிறந்ததொரு மயக்கமென்றே வாதித்தார். அதற்கு ஈராண்டு முன்னரே வேறொரு முயற்சி தோன்றியிருந்தது. ஆண்டன் பாய்சன் என்னும் குருவானவர் 1920-இல் தாமே உள்ளம் கலங்கி மனநோய் இல்லத்தில் வைக்கப்பட்டவர். தெளிந்தபின், மாசச்சூசெட்சு மாகாணத்து வூஸ்டர் நகர மனநோய் மருத்துவசாலையிற் சமயப் பணியாளராய் அமர்ந்து, 1925-ஆம் ஆண்டுக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை அங்கு வருவித்தார். ஏடுகளைப் பயில்வது போலவே துயருறும் மக்களையும் உடனிருந்து பயில வேண்டுமென்பது அவர் கொள்கை. இங்ஙனம், மனநோயாளியாய்க் கிடந்த ஒருவரே சமயத்தையும் உளநூலையும் ஓரிடத்திற் சேர்த்த முன்னோடிகளுள் ஒருவராயினார். இது நாம் ஊன்றி நினைத்தற்குரியது.

டாக்டர் பட்டமாக அச்சேர்க்கை உருப்பெற்றது 1965-இல். கலிபோர்னியாவிலுள்ள பசடேனா நகரத்து ஃபுல்லர் இறையியற் கல்லூரி அவ்வாண்டிற்றான் உளநூற் பள்ளியைத் திறந்தது. அதன் முதற்றலைவர் லீ எட்வர்டு டிராவிஸ் என்பார் பேச்சுக் குறைபாடுகளையும் மூளையின் மின்னலைகளையும் ஆராய்ந்து புகழ்பெற்ற விஞ்ஞானி. பள்ளியை நடத்தப் பிரசங்கியைத் தேடாது ஆராய்ச்சியாளரைத் தேடினமை அதனை நிறுவினோர் நோக்கத்தை உணர்த்தும். 1974-இல் அமெரிக்க உளநூற் சங்கம் அப்பள்ளிக்கு அங்கீகாரம் அளித்தது. அதே மாகாணத்தில் ரோஸ்மீட் என்னும் பள்ளி 1970-இல் மாணவரைச் சேர்த்து, 1977-இல் பயோலாக் கல்லூரியோடு இணைந்தது. இலினாய் மாகாணத்து வீட்டன் கல்லூரி 1993-இல் ஸை.டி. பட்ட வகுப்பினைத் தொடங்கிற்று.

இனி, இப்பட்டத்திற்கு வேண்டப்படுவன கூறுவாம். அவற்றை மூவகையாகப் பகுத்தல் தகும்.

முதலாவது, சமயச் சார்பில்லாச் சர்வகலாசாலைகளும் வேண்டுவது. சங்கத்தின் விதிப்படி மாணவன் மூன்று ஆண்டிற்குக் குறையாது முழுநேரக் கல்வியும், அதன்மேல் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் முடித்தல் வேண்டும். நடைமுறையில் ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும். உடலுக்கும் உள்ளத்துக்குமுள்ள தொடர்பு, அறிவு, உணர்ச்சி, வளர்ச்சி, கூட்டுறவு என்பன பற்றிய பாடங்களும், கணக்கியல் முறைகளும், அளவுகோல் அமைக்கும் முறைகளும், ஒழுக்க விதிகளும் கற்றல் வேண்டும். மேற்பார்வையின்கீழ் நோயாளரைக் காணுதலும், ஆராய்ச்சியுரை எழுதி அறிஞர் முன் நிலைநாட்டலும் வேண்டும். பட்டம் பெற்ற பின்னும் தொழில் நடத்துதற்குரிய உரிமைச் சீட்டு வேறு வேண்டும். கலிபோர்னியாவில் அதற்கு மேற்பார்வையோடு கூடிய 3000 மணிநேரப் பயிற்சி கேட்பர். அதிற் பாதியாகிய 1500 மணிநேரம் பட்டத்திற்குப் பின்னரே செய்யப்படுதல் வேண்டும்.

இரண்டாவது, சமயக் கல்வி. திருநூல் ஆராய்ச்சி, இறையியல், திருச்சபை வரலாறு, சமய ஒழுக்கம் என்பனவும், இவற்றை உளநூலோடு இணைத்து ஆராயும் பாடங்களும் இதன்கண் அடங்கும். இறையியலில் எம்.ஏ. பட்டமும் உடன் பெறும் வழக்குச் சில பள்ளிகளில் உண்டு.

மூன்றாவது, மாணவனது தன்னிலை. புகும்போதே தன் சமய நம்பிக்கையை எழுதித் தருமாறும், பள்ளியின் ஒழுக்க உடன்படிக்கைக்கு இசையுமாறும் கேட்கும் பள்ளிகள் உள. மாணவன் தானே மற்றொரு மருத்துவர்பாற் சென்று தன் உள்ளத்தை ஆய்வித்துக்கொள்ளல் வேண்டுமென விதிப்பனவும் உள.

இம்மூன்றனுள் முதலிரண்டும் அளக்கப்படுவன. மணியும் மதிப்பெண்ணும் அவற்றை அளந்துவிடும். மூன்றாவதோ எழுதி வாங்கப்படுவதேயன்றி அளக்கப்படுவதன்று. ஒருவன் நம்புகின்றேன் என்று எழுதித் தந்த தாள் அவன் நம்பிக்கைக்குச் சான்றாகாது. ஆயினும் பட்டத்தின் பெயர் நிற்பது அம்மூன்றாவதன் மேலேயாம். தடை எழுவதும் ஈண்டே.

தடைகூறுவோர் இருதிறத்தார். விஞ்ஞானப் பக்கத்தார் கூறுமாறு: ‘முன்னரே ஒரு முடிபைப் பற்றி நிற்பான் ஆராய்ச்சிக்குத் தகுதியுடையனல்லன், வாயிலில் நம்பிக்கையைக் கேட்கும் பள்ளி, உண்மையை அல்லாது உடன்பாட்டையே வளர்க்கும்.’ சமயப் பக்கத்தாருட் சிலர் கூறுமாறு: ‘இறைவனது அருளும் திருநூலும் இருக்க, மனிதர் கட்டிய உளநூல் எற்றுக்கு? துயர்தீர வழிபாடே அமையும்.’

முன்னவர் தடையை ஆராய்வாம். பற்றொன்றுமில்லா மருத்துவன் எங்கேனும் உளனோ? 1980-இல் இதுபற்றி அமெரிக்காவில் ஒரு பெருவிவாதம் நிகழ்ந்தது. பிரிகம் யங் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் பெர்கின், உள மருத்துவம் எஞ்ஞான்றும் ஏதேனும் ஒரு மதிப்பின்மேல் நின்றே நடக்கின்றதென்றும், அதனை மறைப்பதினும் வெளிப்படக் கூறுதலே நேர்மையென்றும் எழுதினார். ஆல்பர்ட் எல்லிஸ் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் மறுத்து, தீவிரச் சமயப்பற்றே உள்ளக் கலக்கத்திற்கு இனமென வாதித்தார். அவரே பிற்காலத்து, 2000-இல் எழுதிய கட்டுரையில், ஆழ்ந்த சமயப் பற்றுடையார்க்கும் தம் சிகிச்சைமுறை பயன்படுமென ஒப்பினார். இவ்விவாதத்தாற் போதருவது யாது? நல்வாழ்வு இன்னதென்று ஒரு கருத்து இன்றி நோய் இன்னதென்று கூறலாகாது. கணவனை நீங்க நினைக்கும் ஒருத்திக்கும், தந்தையின் கடனைத் தன் தலைமேற் போட்டுக்கொண்டு வாடும் ஒருவனுக்கும் மருத்துவன் நடுநின்று பேசும் ஒவ்வொரு சொல்லிலும், கடமை என்பது யாது, விடுதலை என்பது யாது என்னும் அவன் கொள்கை மறைந்து நிற்கின்றது. எனவே சமயப் பள்ளி தன் பற்றை வெளிப்பட எழுதிவைத்தல் குற்றமாகாது. அங்கீகாரம் அளிக்கும் சங்கமும், சமயச் சார்புடைய பள்ளிகள் தம் சமயத்தாரை முதன்மையாகச் சேர்த்துக்கொள்ளலாமென்றும், அந்நெறியை விண்ணப்பிப்பார்க்கு முன்னரே அறிவித்துவிடல் வேண்டுமென்றும் விதித்துள்ளது. இவ்விதி நேரியதே. வெளிப்பட்டு நிற்கும் பற்றினை மாணவன் ஆராய்ந்து கொள்ளவுங் கூடும், விலகவுங் கூடும்.

ஆயினும் அத்தடையில் ஒரு மெய் உளது. பற்றுடைய ஆராய்ச்சியாளன் தனக்கு வேண்டாத முடிபு வந்தவழி என்செய்வான் என்பதே அது. இதற்கு 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நல்ல எடுத்துக்காட்டு. இருதயத்தில் இரத்தக்குழாய் மாற்றுச் சிகிச்சை பெற்ற 1802 நோயாளரை ஆறு மருத்துவசாலைகளிற் கொண்டு, பிறர் அவர்க்காகச் செய்யும் வழிபாடு பயன் தருகின்றதோ என்று அளந்தனர். பொருளுதவியவர்களுட் சமயத்தின்பாற் பரிவுடைய டெம்பிள்டன் நிதி நிறுவனமும் இருந்தது. வழிபாடு பெற்றார்க்கும் பெறாதார்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. தமக்காக வழிபாடு நிகழ்கின்றதென உறுதியாக அறிந்திருந்தவரிடைச் சிக்கல்கள் சற்று மிகுதியாகவே காணப்பட்டன. அம்முடிபை அவர்கள் மறைத்திலர், உள்ளவாறே வெளியிட்டனர். இதனால் வழிபாடு பொய்யாயிற்றென்பது முடிபன்று. இறைவனை மருந்தினைப்போல் அளவிட்டுப் பகிர்ந்து சோதிக்கலாமென்று கொண்ட முறையே ஆராய்தற்குரியதாயிற்று. வேண்டாத முடிபையும் அச்சிடும் உறுதி சமயத்தானுக்கு இன்றியமையாதது. தன் இறைவன் மெய்யெனின் மெய்யொன்று அவனுக்குப் பகையாதல் யாங்ஙனம்? நம்பிக்கையுடைய மாணவனிடத்துக் கேட்கத்தக்க முதற்றகுதி இவ்வச்சமின்மையேயாம்.

இரண்டாந் தடையினர்க்கு விடை நம் சித்தாந்த நூற்றுணிபிலேயே உளது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் உயிரின் கருவிகளேயன்றி உயிராகா. கண்ணிற் படலம் வீழ்ந்தார்க்குக் கண்மருத்துவம் செய்தல் இறையருளுக்கு இழுக்காகாதவாறு போல, மனமாகிய கருவி பழுதுற்றார்க்கு அக்கருவியின் நூல் கற்றான் உதவுதலும் இழுக்காகாது. தூக்கமின்றிப் பல திங்கள் வருந்தித் தன்னை மாய்த்துக்கொள்ள எண்ணுவான் ஒருவனை நோக்கி, ‘நின் பத்தி குறைந்தது’ என்று கூறுதல் கருவியின் பழுதை உயிரின்மேல் ஏற்றுங் கொடுமையாம். அவ்வாறே, கருவி செப்பமுற்றவுடன் உயிர் ஈடேறிற்றென்று உளநூலான் கூறுதலும் மிகையாம். இருவரும் தத்தம் எல்லையறிந்து நிற்றல் வேண்டும். 1994-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப் பெயர்த் தொகுதியின் நான்காம் பதிப்பு, சமயம் பற்றிய இடர்ப்பாட்டினை நோய் என்று கொள்ளாமலே கருத்திற்குரியதெனத் தனியே குறித்தது. எல்லையறிதலின் தொடக்கமாக அதனைக் கொள்ளலாம்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவாம். துயருற்று வருவான் மருத்துவனிடத்து வெறும் அறிவுரையைப் பெற்றுச் செல்வதில்லை. அவனைத் தந்தையாகவும் தாயாகவும் ஆசானாகவும் பாவித்து, தன் பண்டை உணர்ச்சிகளையெல்லாம் அவன்மேல் ஏற்றுகின்றான். இதனைப் பிராய்டு கண்டு பெயரிட்டு, 1912-இல் தனிக்கட்டுரையாகவே எழுதினார். நம் நூலோர் உயிரின் இயல்பைச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பர். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, தளர்ந்த உயிர் தான் சார்ந்தாரின் வண்ணத்தை விரைந்து கொள்ளும். மருத்துவன் தன் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லுஞ் சொல்லாதிருப்பினும், அவன் எதற்கு முகமலர்கின்றான், எதற்கு வாளாவிருக்கின்றான் என்பதை நோக்கியே நோயாளன் தன்னை மாற்றிக்கொள்வான். அங்ஙனம் மாறுதல் தெளிந்து கொண்ட நம்பிக்கையன்று. நடுங்கும் கை பற்றிக்கொண்ட கொம்பேயாம்.

ஆதலின், நம்பிக்கையுடைய மருத்துவன் தன் நம்பிக்கையைக் கையாளும் இடம் எது? பேசாதிருக்கும் இடத்திலேயே பெரும்பாலும் கையாளுகின்றான். வேறு சமயத்தான் ஒருவன், அல்லது சமயமே இல்லாதான் ஒருவன், தன் எதிரில் அமர்ந்து அழும்போது, அவன் வண்ணம் மாறாது அவன் துயர்மட்டும் நீங்குமாறு தன்னை அடக்கி நிற்றலே அவனுக்குரிய கடுந்தவம். அமெரிக்க உளநூற் சங்கம் 2002-இல் இயற்றிய ஒழுக்க விதித்தொகுதி, மதித்தற்குரிய வேறுபாடுகளுட் சமயத்தையும் எண்ணியுள்ளது. விதி புறத்தே நின்று தடுக்கும். அகத்தே நின்று தடுப்பது, எதிரிலிருப்பான் தன் கைப்பொருளல்லன், இறைவனுடைமை என்னும் உணர்ச்சியேயாம்.

அற்றேல், மனச்சான்று ஒன்றும் நோயாளன் வேண்டுவது ஒன்றுமாய் முரணும்போது என்செய்வது எனின், அதற்கும் ஒரு வழக்கு உளது. இத்துறைக்கு அடுத்ததாகிய ஆலோசனைக் கல்வியில், மிச்சிகன் மாகாணத்து அரசாங்கச் சர்வகலாசாலையொன்றில் முதுகலை பயின்ற மாணவி ஒருவர், ஒருபாலுறவுடைய ஒருவருக்கு அவ்வுறவை ஏற்று ஆலோசனை கூறத் தம் சமயம் இடந்தராதென்று அவரைப் பிறரிடம் அனுப்புமாறு கேட்டார். 2009-இல் அம்மாணவி நீக்கப்பட்டார். மேல்முறையீட்டு மன்றம் 2012-இல் வழக்கை மீண்டும் விசாரிக்கத்தக்கதென்று கீழ்மன்றத்துக்கு அனுப்பிற்று. பின்னர் அஃது உடன்படிக்கையில் முடிந்தது. அமெரிக்க ஆலோசனைச் சங்கம் 2014-இல் தன் விதியைத் திருத்தி, ஆலோசகர் தம் சொந்த மதிப்புகளை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவரைப் பிறரிடம் அனுப்பலாகாதெனத் தெளிவுபடுத்திற்று.

இவ்வழக்கில் மாணவியின் உரிமையும் பள்ளியின் விதியும் நெடிது பேசப்பட்டன. உள்ளம் சோர்ந்து உதவி நாடி வந்த அந்த ஒருவர் நிலை மிகச் சிறிதே பேசப்பட்டது. எம் கருத்து வருமாறு: ஒருவனது மனச்சான்றை அரசாங்கமோ பள்ளியோ நசுக்குதல் தகாது. ஆயினும் அம்மனச்சான்று விலைகொடுக்க வேண்டிய இடம் பள்ளியின் வாயிலேயன்றித் துயருற்றான் வந்து தட்டும் கதவன்று. இன்னாரை எம்மால் தாங்கவியலாது என்று அறிந்தவன் அதனைத் தொடக்கத்திலேயே கூறித் தனக்கேற்ற பணியைத் தேடிக்கொள்ளல் வேண்டும். தொழிலை ஏற்றபின், வந்தானை வாயிலில் நிறுத்தி அவன் வாழ்வை விசாரித்தல் மருத்துவனுக்கு அடாது. அத்தகையானைத் தாங்கும் வலிமையைத் தன் மாணவர்க்கு ஊட்டாத பள்ளி, எத்துணை இறையியற் பாடம் நடத்தினும், தன் பட்டத்தின் பாதியை வழங்காததேயாகும்.

அஃதேல், அடக்கமே வேண்டுவதெனின், சமயமில்லா மருத்துவனும் அதனை உடையனாகலாமே. சமயப் பட்டத்தாற் பயன் என்னை எனின், கூறுதும். பயன் இரண்டு. ஒன்று, சமய வாழ்வுடைய நோயாளனது மொழி அவனுக்கு விளங்கும். நோன்பு, பாவம், அருள், கைவிடப்பட்ட உணர்ச்சி என்னுஞ் சொற்களைக் கேட்டவுடன் நோயெனக் குறித்துக்கொள்ளாது, எது நோய், எது தேடல் என்று வேறுபிரித்தறிய அவன் வல்லனாவான். பாய்சன் தம் வாழ்விற் பட்டறிந்தது இவ்வேறுபாட்டையே. மற்றொன்று, தீராத நோயின்முன் நிற்கும் ஆற்றல். எந்நூலாலும் ஆற்றலாகாத துயரம் உலகில் உளது. மகனை இழந்த தாயின் துயரைத் தீர்க்கும் முறை எப்பள்ளியிலுங் கற்பிக்கப்படுவதில்லை. அவளருகே ஓடிவிடாது அமர்ந்திருத்தற்கு, தன் திறமையின் முடிவோடு உலகம் முடிந்துவிடவில்லை என்னும் உறுதி வேண்டும். சமயமில்லாருட் சிலரும் தம் பெருந்தகைமையால் அங்ஙனம் அமர்வர். அதனை மறுப்பார் இல்லை. சமயத்தானாயின், அங்ஙனம் அமராமைக்கு அவனுக்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

மேற்கூறியவாற்றால் பெறப்படுவது இது. இப்பட்டத்திற்கு வேண்டுவனவாக எழுதப்பட்டவை பாடங்களும் மணிநேரங்களும் ஆராய்ச்சியுரையும் நம்பிக்கைச் சீட்டுமாம். எழுதப்படாது நிற்பவை மூன்று: மெய்க்கு அஞ்சாமை, தன் கருவியின் எல்லையறிதல், தளர்ந்தாரைத் தன் வண்ணமாக்காது காத்தல். இம்மூன்றுக்கும் தேர்வு வைக்கும் பரீட்சகர் எந்நாட்டிலும் இலர். பட்டம் பெற்றவன் தனியறையில் மாற்றுச் சமயத்தான் ஒருவனோடு இருக்கும் ஒவ்வொரு நாழிகையிலும் அத்தேர்வு நிகழ்கின்றது. வந்தவன் தன் சமயத்தோடே, தன் துயர் தணிந்து, தன் வீட்டிற்கு மீளுவானாயின், மருத்துவன் அன்று தேறினான் என்க.